பத்து மணி நேரம் படித்தும் கட்-ஆஃப் ஏன் எட்டவில்லை: யுபிஎஸ்சி, குரூப் 1 தயாரிப்பில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

கேள்வி இது: "டிகிரி முடித்து ஒன்றரை வருடமாக வீட்டிலிருந்தே யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். தினம் பத்து மணி நேரம் உட்காருகிறேன். மாக் டெஸ்டில் 70-ஐத் தாண்டவே முடியவில்லை. கூடவே டிஎன்பிஎஸ்சி குரூப் 1-ம் எழுதலாம் என்று இருக்கிறேன். பொதுவாக எல்லாரும் எங்கே தவறு செய்கிறார்கள்?"

பத்து மணி நேரம் என்று சொல்லிவிட்டீர்கள். அந்த 70 எப்படி வந்தது என்று சொல்லவில்லை. முதல் தவறு அதுதான். பெரும்பாலானோர் நேரத்தையும் முடித்த புத்தகங்களையும் எண்ணுகிறார்கள், மதிப்பெண் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று எண்ணுவதில்லை.

பிரிலிம்ஸ் எனும் முதல்நிலைத் தேர்வின் முதல் தாளில் 100 கேள்வி, சரியானால் 2 மதிப்பெண், தவறானால் 0.67 கழியும். ஒருவர் 95 கேள்விக்கு விடை போட்டு 50 சரி, 45 தவறு என்றால் 100-இல் 30 போய் 70. இன்னொருவர் 59 கேள்வி மட்டும் தொட்டு 41 சரி, 18 தவறு என்றால் 82-இல் 12 போய் அதே 70. மதிப்பெண் ஒன்று, நோய் வேறு. முதல் ஆளுக்குத் தெரியாததும் தெரிந்ததாகத் தோன்றுகிறது. இரண்டாவது ஆளுக்குத் தெரிந்ததிலும் கை வரவில்லை. இருவருமே "இன்னும் நிறையப் படிக்கணும்" என்று அடுத்த புத்தகத்தை வாங்கினால் அடுத்த வருடமும் 70-க்குப் பக்கத்திலேயே நிற்பார்கள்.

நெகட்டிவ் மார்க்கைப் பற்றி உலவும் அறிவுரைகளில் பாதி தப்பு. நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரி லாபம் சரியாகப் பூஜ்யம்: நாலில் ஒரு தடவை 2 கிடைக்கும், மூன்று தடவை 0.67 வீதம் 2 போகும். ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் ஒரு கேள்விக்குச் சராசரியாக 0.22 லாபம். இரண்டை நீக்கினால் 0.67. அதாவது குருட்டாம்போக்கில் போட்டதால் யாரும் பெரிதாக மூழ்குவதில்லை. மூழ்குவது "இது எனக்குத் தெரியும்" என்று நம்பி, கேள்வி தயாரித்தவர் வைத்த கண்ணியில் காலை விடுவதால். அந்த இடத்தில் உங்கள் வெற்றி விகிதம் 25 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மேலே சொன்ன இரண்டாவது ஆள் விட்டுவந்த 41 கேள்வியில் இரண்டு விடை வரைக்கும் குறுக்கியவை 20 இருந்திருக்கும் என்று வையுங்கள். அதில் பாதி சரியானால்கூட 20-இல் 6.67 போய் 13.33 கூடும். 70 என்பது 83 ஆகும். 2023-இல் பொதுப்பிரிவு பிரிலிம்ஸ் கட்-ஆஃப், அதாவது அடுத்த கட்டத்துக்குப் போகத் தேவைப்பட்ட குறைந்தபட்ச மதிப்பெண், 75.41. 2022-இல் 88.22, 2024-இல் 87.98. ஒரு புதிய பக்கம்கூடப் படிக்காமல் எவ்வளவு தூரம் நகரலாம் என்பது இதிலிருந்து புரியும்.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது, ஆனால் யாரும் செய்வதில்லை. மாக் டெஸ்ட் எழுதும்போதே கேள்வித்தாளின் ஓரத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: உறுதி, இரண்டில் ஒன்று, குருட்டு. திருத்தும்போது மூன்று வகைக்கும் தனித்தனியாக எத்தனை சரி என்று எழுதுங்கள். பத்து டெஸ்ட் முடிந்ததும் உங்கள் விகிதம் தெளிவாகத் தெரியும். "உறுதி" வகையில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கோளாறு படிப்பில். "இரண்டில் ஒன்று" வகையில் 50-ஐ ஒட்டி இருந்தால் தேர்வில் அத்தனையையும் போடுங்கள், கை நடுங்க வேண்டாம். எத்தனை கேள்விக்கு விடை போட வேண்டும் என்பதற்கு டாப்பர் பேட்டியில் பதில் இல்லை, உங்கள் பத்து டெஸ்டில் இருக்கிறது.

2023-இலிருந்து "மேற்கண்ட கூற்றுகளில் எத்தனை சரி" என்று கேட்கும் வகை அதிகமானதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் ஒரு கூற்று தவறு என்று தெரிந்தாலே இரண்டு விடை பறக்கும். இந்த வகையில் மூன்று கூற்றும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் விடை வரும். நீக்கும் உத்தியையே நம்பிப் பழகியவர்கள் அந்த வருடம் நன்றாக அடி வாங்கினார்கள்.

இனி சிசாட், அதாவது கணக்கும் பத்தி வாசிப்பும் கேட்கும் பிரிலிம்ஸ் இரண்டாம் தாள். இதில் 80 கேள்வி, தலா 2.5, தவறுக்கு 0.83 கழிவு, தேற 33 சதவீதம், அதாவது 66. இதில் தேறாவிட்டால் முதல் தாளில் 120 வாங்கியிருந்தாலும் பயனில்லை. "தேறினால் போதும்தானே" என்று ஏப்ரல் வரை தொடாமல் இருப்பது இப்போது மிகப் பெரிய சூதாட்டம். கணக்கைப் பாருங்கள்: 30 சரி, 15 தவறு என்றால் 75-இல் 12.5 போய் 62.5, அவுட். 35 சரி, அதே 15 தவறு என்றால் 75, பாஸ். நடுவில் இருப்பது ஐந்தே கேள்வி. இன்ஜினியரிங் படித்தவர் கணக்கு இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்கிறார். கலைப் பாடம் படித்தவர் கணக்கைக் கண்டு பயந்து பத்தி வாசிப்பை மட்டும் நம்புகிறார். இரண்டு பேரையும் 2023-ஆம் வருடத் தாள் பதம் பார்த்தது.

சிசாட் தேர்வு நடப்பது மதியம் 2.30-க்கு, காலையில் ஒரு தாள் எழுதி முடித்து, சாப்பிட்டு, கண் சொக்கும் நேரத்தில். பயிற்சியும் அதே நேரத்தில் இருக்கட்டும். வாரம் ஒரு பழைய தாள், 2.30-லிருந்து 4.30 வரை, ஃபேன் காற்றில், இடையில் எழாமல். பத்திகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும், தமிழில் வராது. தமிழ் வழியில் படித்தவர்கள் இதற்காக முதல் நாளிலிருந்தே ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றை வாசித்து, அதன் சாரத்தை மூன்று வரியில் தமிழில் எழுதிப் பார்ப்பது நல்லது. சிசாட்டுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கியதாகவே தெரியாது.

அடுத்தது, படிக்கும் விதம். அரசியலமைப்பில் பண மசோதாவை எடுத்துக்கொள்வோம். எல்லாருக்கும் தெரிந்த பகுதி: 110-ஆவது பிரிவு, மக்களவையில் மட்டுமே அறிமுகம், பண மசோதாவா இல்லையா என்பதில் சபாநாயகர் முடிவே இறுதி, மாநிலங்களவைக்கு 14 நாள். இதை நாலு கலர் ஹைலைட்டரில் அடிக்கோடிட்டு, நோட்ஸும் எழுதி, "பாலிட்டி மூன்று முறை முடித்தாயிற்று" என்பார்கள். தேர்வில் வரும் கூற்று வேறு மாதிரி இருக்கும்: "மாநிலங்களவை 14 நாளுக்குள் தரும் பரிந்துரைகளை மக்களவை ஏற்றாக வேண்டும்." "பண மசோதாவில் இரு அவைக்கும் கருத்து வேறுபட்டால் கூட்டுக் கூட்டம் கூட்டலாம்." "குடியரசுத் தலைவர் பண மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம்." மூன்றும் தவறு. ஆனால் படித்ததில் இந்த மூன்றுக்கும் நேரடி வரி எங்கேயோ பத்துப் பக்கம் தள்ளித் தள்ளிக் கிடந்தது. மூளை அதைச் சேர்த்து வைத்திருக்காது.

சேர்த்து வைக்க வேண்டியது நோட்டில். அரைப் பக்கத்தில் ஒரு அட்டவணை போதும். இடப்பக்கம் மேலிருந்து கீழாகச் சாதாரண மசோதா, பண மசோதா, அரசமைப்புத் திருத்த மசோதா. மேலே குறுக்காக ஐந்து தலைப்பு: எந்த அவையில் அறிமுகம், குடியரசுத் தலைவரின் முன்பரிந்துரை வேண்டுமா, மாநிலங்களவைக்கு எவ்வளவு அவகாசம், கூட்டுக் கூட்டம் உண்டா, குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பலாமா. பதினைந்து கட்டத்தையும் புத்தகம் பார்க்காமல் நிரப்புங்கள். திருத்த மசோதாவுக்கு ஒப்புதல் தந்தே தீர வேண்டும் என்பது 1971-இன் 24-ஆவது திருத்தத்தால் வந்தது, அதற்குக் கூட்டுக் கூட்டம் கிடையாது என்பதெல்லாம் அந்தக் கட்டங்களை நிரப்பும்போதுதான் மனதில் ஒட்டும். எந்தக் கட்டம் காலியாக நிற்கிறதோ அதை மட்டும் போய்ப் படியுங்கள். ரிவிஷன் என்பது இதுதான். திரும்ப ஒருமுறை முதல் பக்கத்திலிருந்து வாசிப்பது ரிவிஷன் அல்ல. பழகிய வரிகளைக் கண் பார்த்து "தெரியும், தெரியும்" என்று சொல்லிக்கொண்டு போகும், அவ்வளவே.

அரசியல் நிர்ணய சபைக் குழுக்கள், பட்டியல் பகுதிகள், உயிர்க்கோளக் காப்பகங்கள் என்று ஒப்பிட்டுக் கேட்கக்கூடிய எதற்கும் இதே முறை பொருந்தும். கலாசாரத்துக்கு மட்டும் பொருந்தாது, அங்கே படம் பார்த்துப் படிப்பதே மேல்.

புத்தகத் தேர்வில் நடக்கும் கூத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஒரு பாடத்துக்கு ஒரு நூல், அதற்கு அடித்தளமாக என்சிஇஆர்டி பள்ளிப் பாடநூல். தமிழில் படிப்பவருக்கு நம் பாடநூல் கழகத்தின் 11, 12-ஆம் வகுப்பு வரலாறு, பொருளியல், புவியியல் புத்தகங்களே உறுதியான அடித்தளம். டெலிகிராமில் சேர்த்து வைத்த நானூறு பிடிஎஃப் பற்றி என்ன சொல்ல? இறக்கியதும் படித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வருகிறது பாருங்கள், அது தனி வியாதி.

ஆனால் பழைய கேள்வித்தாளைக் கடைசி மாதத்துக்கு ஒத்திப்போடுவது நிஜமான தவறு. யுபிஎஸ்சி தளத்திலேயே எல்லாத் தாளும் கிடைக்கும். பாடத்தைத் தொடங்கும் முன்பே அந்தப் பாடத்தின் பத்து வருடக் கேள்விகளை வாசியுங்கள், விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சிலபஸில் "சுற்றுச்சூழல்" என்று அரை வரி இருக்கும். கேள்விகளை வாசித்தால்தான் சரணாலயம், இனங்கள், சர்வதேச ஒப்பந்தம், மாசு என்று அது எங்கெல்லாம் கிளை விட்டிருக்கிறது, எவ்வளவு ஆழம் போனால் போதும் என்பது தெரியும். விடையை மனப்பாடம் செய்ய வேண்டாம். தவறான மூன்று விடைகளும் எதைப் பற்றியவை என்று தேடுங்கள், அடுத்தடுத்த வருடங்களில் கேள்வியாக வருவது பல நேரம் அவைதான்.

கரண்ட் அஃபேர்ஸுக்குத் தினம் மூன்று மணி நேரம் செலவழிப்பவர்களை எந்த நூலகத்திலும் பார்க்கலாம். ஒரு நாளிதழ், ஒரு மாதத் தொகுப்பு, நாளுக்கு ஒரு மணி நேரம் என்பதற்கு மேல் போனால் மற்ற பாடம் பட்டினி. இதில் பெரிய தவறு நேர விரயம்கூட இல்லை, தேதிவாரியாக நோட்ஸ் எடுப்பது. ஆளுநர் மசோதா விவகாரத்தைப் பாருங்கள். தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் மசோதா மீது முடிவெடுக்கக் காலக்கெடு விதித்தது, பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றது. ஏப்ரல் நோட்டில் அதை எழுதி வைத்தவர்கள் ஏராளம். அதன்பின் குடியரசுத் தலைவர் 143-ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதி அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதலாகக் கருதுதல் என்பதும் இல்லை, ஆனால் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்க முடியாது, காரணமற்ற நீண்ட தாமதத்தில் நீதிமன்றம் வரையறைக்கு உட்பட்டுத் தலையிடலாம் என்று பதில் தந்தது. ஏப்ரல் நோட்டும் நவம்பர் நோட்டும் தனித்தனியாகக் கிடந்தால், தேர்வறையில் நினைவுக்கு வருவது முதலில் படித்த ஏப்ரல்தான். "ஆளுநர்: 200, 201" என்று மசோதா ஒப்புதல் பற்றிய பிரிவு எண்களைத் தலைப்பிட்ட ஒரே தாளில் புதியதைப் பழையதன் கீழேயே எழுதிக்கொண்டு போனால் இந்த விபத்து நடக்காது. அதனால் பிரித்துச் சேர்க்கக்கூடிய தனித்தாள்களும் ஃபைலுமே வசதி, கட்டிய நோட்டுப் புத்தகம் வேண்டாம்.

அதே தலைப்பில் மெயின்ஸ் எனும் முதன்மை எழுத்துத் தேர்வில் கேள்வி வந்தால் என்ன ஆகிறது என்றும் பார்த்துவிடுவோம். "மாநில மசோதாக்கள் மீதான ஆளுநரின் அதிகாரம் கூட்டாட்சியைப் பாதிக்கிறதா? விமர்சன நோக்கில் ஆராய்க" என்று 10 மதிப்பெண்ணுக்கு, 150 சொல்லில் ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான விடை, "ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் ஆளுநர் இருப்பார் என்று 153-ஆவது பிரிவு கூறுகிறது" என்று ஆரம்பித்து, நியமனம், பதவிக்காலம், தகுதி என்று எழுபது சொல்லைத் தின்றுவிடும். கேட்டது அதிகாரத்தின் விளைவு. முதல் இரண்டு வரியில் 200-ஆவது பிரிவு தரும் வழிகளைச் சொல்லிவிட்டு நேராகப் பிரச்சினைக்கு வர வேண்டும்: தாமதத்தால் சட்டமன்றத்தின் விருப்பம் முடங்குவது. பிறகு மறுபக்கம்: மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மசோதாவுக்கு ஒரு தடுப்பு தேவை என்ற வாதம். பிறகு மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்து 2010-இல் அறிக்கை தந்த பூஞ்சி ஆணையம் சொன்ன ஆறு மாத வரம்பு, 2025-இன் இரண்டு நிலைப்பாடுகள், கடைசியாக உங்கள் முடிவு ஒரே வரியில். "விமர்சன நோக்கில்" என்றால் திட்டச் சொல்லவில்லை, இரு பக்கமும் எடைபோடச் சொல்கிறார்கள்.

மெயின்ஸ் பொது அறிவுத் தாள் ஒவ்வொன்றும் 250 மதிப்பெண். முதல் மூன்றில் 10 மதிப்பெண் கேள்வி பத்து, 15 மதிப்பெண் கேள்வி பத்து, மூன்று மணி நேரம். பத்துக்கு 7 நிமிடம், பதினைந்துக்கு 11 நிமிடம் என்று போட்டால் 70-ம் 110-ம் சேர்ந்து சரியாக 180. யோசிக்க, தண்ணீர் குடிக்க எல்லாம் அதற்குள்தான். நல்ல எழுத்துக்காரர்கள் சறுக்குவது இங்கே: முதல் ஐந்து விடையை அழகாக எழுதிவிட்டு, கடைசி மூன்று கேள்வியைத் தொட முடியாமல் போவது. அந்த மூன்றும் 15 மதிப்பெண் கேள்வி என்றால் 45 போயிற்று. ஒரு விடையை மெருகேற்றி 5-ஐ 6 ஆக்குவது ஒரு மதிப்பெண் லாபம். விட்ட கேள்விக்கு நாலு வரி எழுதினாலே மூன்று, நாலு வந்துவிடும். வீட்டில் தனித்தனி விடை எழுதிப் பழகுவது மட்டும் போதாது. மூன்று மணி நேரம் இருபதையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும், ஏனென்றால் பதினான்காவது கேள்வியில் கை வலிப்பது அப்போதுதான் தெரியும்.

இந்த எழுத்துப் பயிற்சியை பிரிலிம்ஸ் முடிந்ததும் தொடங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2025-இல் பிரிலிம்ஸ் மே 25, மெயின்ஸ் ஆகஸ்ட் 22. இடையில் 89 நாள். அதில் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்த நாட்களையும் கழித்துவிட்டால், கட்டுரை, நாலு பொதுத் தாள், இரண்டு ஆப்ஷனல் (விருப்பப் பாட) தாள் எல்லாவற்றையும் எங்கே வைத்து முடிப்பது? ஆப்ஷனலும் பாதி கட்டுரைப் பயிற்சியும் முந்தைய டிசம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும். அதன்பின் பிரிலிம்ஸ் வரை முழுக்க அதற்கே.

ஆப்ஷனல் 500 மதிப்பெண். "இந்த வருடம் இதில் மார்க் போடுகிறார்கள்" என்ற பேச்சைக் கேட்டு எடுப்பவர்கள் அடுத்த வருடம் மாற்றுவார்கள், ஒரு அட்டெம்ப்ட் போகும். முடிவெடுக்கும் முன் சிலபஸையும் ஐந்து வருடக் கேள்வித்தாளையும் கையில் வைத்து, ஒரு வாரம் அந்தப் பாடத்தை மட்டும் படித்துப் பாருங்கள். அலுக்காமல் போகிறதா என்பது அந்த ஏழு நாளில் தெரிந்துவிடும். தமிழ் இலக்கியம் எடுப்போர் பலர் சிலபஸைச் சரியாக வாசிக்காமலே கடலில் குதிக்கிறார்கள். குறுந்தொகையில் முதல் 25 பாடல், புறநானூற்றில் 182 முதல் 200 வரை, சிலம்பில் மதுரைக் காண்டம் மட்டும், கம்பனில் கும்பகருணன் வதைப் படலம் என்று அளவு வகுத்தே கொடுத்திருக்கிறார்கள். முழுப் புறநானூறும் படித்தால் மனசுக்கு நல்லது, தேர்வுக்கு அந்த 19 பாடலை உரையோடு கரைத்துக் குடித்தால் போதும்.

மெயின்ஸில் தகுதித் தாள்கள் இரண்டு உண்டு, தமிழும் ஆங்கிலமும், தலா 300 மதிப்பெண், தேற 25 சதவீதம். மதிப்பெண் தரவரிசைக்குச் சேராது என்பதால் யாரும் தொடுவதில்லை. ஆனால் 75 வரவில்லை என்றால் மற்ற ஏழு தாளும் எண்ணிக்கையில் வராது. ஆங்கில வழியில் படித்து, பத்தாம் வகுப்போடு தமிழில் எழுதுவதையே விட்டவர்களுக்கு இது உண்மையான ஆபத்து. மாதம் இரண்டு முறை ஒரு கட்டுரையும் ஒரு சுருக்கி வரைதலும் கையால் எழுதுங்கள். டைப் அடித்தால் ஒற்றுப்பிழை தெரியாது.

தமிழ் வழியில் மெயின்ஸ் எழுதத் தீர்மானித்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விடைதான் தமிழில், கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். ஆங்கிலக் கேள்வியைப் பார்த்தே தமிழ் விடை எழுதிப் பழகுங்கள். கலைச்சொல்லுக்கு ஆளுக்கொரு தமிழ் எழுதித் திருத்துபவரைக் குழப்ப வேண்டாம். பாடநூலில் உள்ள சொல்லையே கடைசி வரை பயன்படுத்துங்கள், நிலைத்த தமிழ்ச் சொல் இல்லாத இடத்தில் ஜிடிபி, ரெப்போ என்று எழுதுவதில் தவறில்லை.

இனி உங்கள் குரூப் 1 கேள்வி. இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம், அரசியலமைப்பு, பொருளாதாரம், நவீன வரலாறு, புவியியல் எல்லாம் பொதுவானவை. ஆனால் பழக்கம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். குரூப் 1 முதல்நிலையில் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், நெகட்டிவ் மார்க் கிடையாது. யுபிஎஸ்சியில் சந்தேகம் வந்தால் விட்டுப் பழகியவர் இங்கேயும் கை வைக்கத் தயங்குகிறார். தெரியாத கேள்விக்கு ஐந்தாவதாக "விடை தெரியவில்லை" என்று ஒரு வட்டம் உண்டு. எந்த வட்டத்தையும் நிரப்பாமல் கேள்வியை வெறுமையாக விடுவதற்குத்தான் அபராதம். அந்த ஐந்தாவதை நிரப்பினால் பூஜ்யம். ஏதாவது ஒன்றை ஊகித்துப் போட்டால் நாலில் ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. மறுபக்கம், டிஎன்பிஎஸ்சியில் எல்லாவற்றையும் நிரப்பிப் பழகிய கை யுபிஎஸ்சியில் 98 கேள்வியை நிரப்பிவிட்டு வரும்.

வேகமும் வேறு. யுபிஎஸ்சி முதல் தாளில் ஒரு கேள்விக்கு 72 விநாடி, குரூப் 1-இல் 54 விநாடி. குரூப் 1-க்கு முந்தைய ஆறு வாரம் டிஎன்பிஎஸ்சி தாள்களை மட்டுமே எழுதுங்கள். அந்த நேரத்தில் யுபிஎஸ்சி மாக் டெஸ்ட் வேண்டாம். திறனறிவுப் பகுதி 25 கேள்வி, கேள்விக்கு 1.5 வீதம் 37.5 மதிப்பெண். மீ.சி.ம., மீ.பெ.வ., சதவீதம், தனிவட்டி, கூட்டுவட்டி, நேரமும் வேலையும் என்று சுற்றிச் சுற்றி ஒரே வகைதான். தினம் முக்கால் மணி நேரம் என்று மூன்று மாதம் செய்தால் இருபதுக்கு மேல் கைக்கு வரும். இதைக் கடினம் என்று ஒதுக்கிவிட்டு அந்த மதிப்பெண்ணை வரலாற்றில் ஈடுகட்டப் பார்ப்பவர்களின் கணக்கு புரியவில்லை. யுபிஎஸ்சி மட்டும் படித்தவர்கள் கோட்டை விடுவது தமிழ்நாட்டுப் பகுதிகளில்: திருக்குறள், சங்க இலக்கியம், சமூக சீர்திருத்த இயக்கங்கள், மாநில நிர்வாகம், நலத்திட்டங்கள். இவற்றுக்குத் தனியாக இரண்டு மாதம் வேண்டும்.

டிஎன்பிஎஸ்சி கேள்வித்தாள் இருமொழியில் வரும். தமிழில் குழப்பமாக இருந்தால் ஆங்கில வடிவத்தைப் பாருங்கள், சந்தேகம் வந்தால் ஆங்கிலமே இறுதியானது என்பது விதி. நீதிப்பேராணைகள் நல்ல உதாரணம்: ஆட்கொணர்வு எல்லாருக்கும் தெரியும். ஆவணக் கேட்பு, தகுதிமுறை வினவுதல் என்று வந்தால் தமிழ் வழி மாணவரே தடுமாறுவார். பக்கத்தில் செர்ஷியோராரி, கோ வாரண்டோ என்று ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்த்தால் அரை விநாடியில் விடை வரும். நோட்ஸ் எடுக்கும்போதே இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

டெஸ்ட் சீரிஸ் விஷயத்தில் ஒன்றே ஒன்று. அறுபது டெஸ்டுக்குப் பணம் கட்டி ஸ்கோர் மட்டும் பார்ப்பதைவிட இருபது எழுதி, எழுதிய நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் அலசுவது மேல். தவறான ஒவ்வொன்றுக்கும் காரணத்தை மூன்றில் ஒன்றாகக் குறியுங்கள்: படிக்கவே இல்லை, படித்து மறந்தது, கேள்வியை மாற்றி வாசித்தது. மூன்றாவது வகை நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருக்கும். "சரியல்லாதது எது" என்பதைச் "சரியானது எது" என்று வாசித்துவிட்டு முதல் கூற்றையே குறிப்பது தினசரி நடக்கிறது. "அல்லாத" என்ற சொல்லைப் பேனாவால் சுழிக்கும் பழக்கம் வந்தால் ஒரு தாளுக்கு இரண்டு, மூன்று கேள்வி மிஞ்சும்.

அட்டெம்ப்ட் கணக்கும் தெரிந்திருக்கட்டும். யுபிஎஸ்சியில் பொதுப்பிரிவுக்கு 6, ஓபிசிக்கு 9, எஸ்சி, எஸ்டிக்கு வயது வரம்பு வரை. விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் எண்ணிக்கையில் வராது. ஒரு தாளுக்குப் போய் உட்கார்ந்தால் வந்துவிடும். "அனுபவத்துக்காகச் சும்மா எழுதிப் பார்க்கிறேன்" என்பவர்கள் அதே தாளை மறுநாள் வீட்டில் கடிகாரம் வைத்து எழுதினால் அனுபவமும் கிடைக்கும், அட்டெம்ப்டும் மிஞ்சும். பணக் கஷ்டம் இருந்தால் தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தேர்வு வைத்து ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் தருகிறார்கள், பிரிலிம்ஸ் தேறியவர்களுக்கு 25,000. அதற்கு விண்ணப்பத் தேதி தனியாக வரும். படிப்பில் மூழ்கி அதைத் தவறவிடுவோர் உண்டு.

கடைசியாகச் சான்றிதழ், படிப்பில் எந்தக் குறையும் இல்லாதவர்களையும் கவிழ்க்கும் இடம். தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் யுபிஎஸ்சிக்குச் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் (இட ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில்) வரவில்லை என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். முதலில் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கே இருக்கும் என்று இல்லை. எட்டு லட்ச ரூபாய் வரம்பைப் பார்க்கும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த வருமானக் கணக்கில் சேராது, ஆனால் பெற்றோர் வகிக்கும் அரசுப் பதவியின் நிலை தனியாகப் பார்க்கப்படும். இது தெரியாமல் "எங்களுக்குக் கிடைக்காது" என்று பொதுப்பிரிவில் விண்ணப்பித்து வயதையும் அட்டெம்ப்டையும் இழப்பவர்கள் உண்டு. எந்த நிதியாண்டுகளின் வருமானம், எந்தத் தேதிக்குள் வாங்கியது என்பதெல்லாம் அந்த வருட அறிவிக்கையிலேயே இருக்கும். விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்குள் சான்றிதழில் வட்டாட்சியர் கையெழுத்து இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) விசாரணை முடிந்து கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள்.

குரூப் 1-க்குத் தமிழ் வழியில் படித்ததற்கான 20 சதவீத முன்னுரிமை கோருவதானால், 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பு மட்டும் தமிழில் இருந்தால் போதாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் இருக்க வேண்டும், ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்தந்தப் பள்ளி, கல்லூரியிடமிருந்து தேர்வாணையப் படிவத்தில் சான்று வேண்டும். மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்று தலைமையாசிரியரிடம் போக வேண்டும். முதல்நிலை ரிசல்ட் வந்த பிறகு அலைந்தால் ஏதாவது ஒரு பள்ளி கோடை விடுமுறையில் பூட்டியிருக்கும்.